நீரில் ஒரு வீடு



காடாம்புலியூரில் இருந்துகொண்டு கடற்கலத்தைப் பற்றிப் பேசப் புகுவதைக் கண்டு உங்களுள் சிலர் நகைக்கக்கூடும். எங்கள் ஊர் முந்திரிக்கும் பலாவுக்கும் பேர்போன செம்மண் பூமி. ஒருபுறம் பண்ணுருட்டி, மறுபுறம் நெய்வேலிச் சுரங்கம். ஆயினும் கடல் எங்களுக்கு அயலானதன்று. 2011-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள் காலையில் கடலூருக்கும் புதுவைக்கும் இடையே கரையேறிய தானே புயல், எங்கள் வட்டாரத்துப் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்துவிட்டுத்தான் போயிற்று. கடலில் பிறப்பது எங்கள் தோப்பில் வந்து முடிகிறது. ஆகவே கடலைப் பற்றி எண்ணிப் பார்க்க எங்களுக்கும் உரிமை உண்டு.

கரையோரமாகவே கடலிற் சென்று, துறைதோறும் தங்கி, கலத்திலேயே சமைத்து உண்டு உறங்கி வாழ்வதற்கேற்ற ஓர் இயந்திரப் படகைத் தேர்ந்துகொள்வது எப்படி என்பதே இன்றைய பேச்சு. இத்தகைய படகை மேனாட்டார் 'டிராலர்' வகை உல்லாசப் படகு என்று வழங்குகின்றனர். டிராலர் என்பது மடிவலையைக் கடலடியில் இழுத்துச் செல்லும் மீன்பிடிக் கலம். நம் கரையில் அதற்கு விசைப்படகு என்று பெயர். பழகியவர்கள் லாஞ்சு என்பார்கள். 1952-இல் இந்தியாவும் நார்வேயும் ஐக்கிய நாடுகள் சபையும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி கொல்லத்தை அடுத்த நீண்டகரையில் தொடங்கிய முயற்சி, கட்டுமரமும் வள்ளமுமே கண்ட நம் கரைகளுக்கு இயந்திரப் படகு பரவுவதற்குப் பெருந்துணையாயிற்று.

வலை இழுக்கும் கலத்திற்கும் வீட்டிற்கும் என்ன உறவு என்று கேட்கலாம். வலை இழுப்பதற்கு ஓட்டம் வேண்டுவதில்லை, வலிவு வேண்டும். அடி பருத்து, கனத்து, மெதுவாக ஆனால் இடையறாது செல்லும் உடல் வேண்டும். அலை மோதும்போது ஒருவர் நனையாமல் நின்று சுக்கான் பிடிக்க ஒரு மேலறை வேண்டும். பனிக்கட்டியும் மீனும் நிரப்ப அடியில் விசாலமான கிடங்கு வேண்டும். அந்தக் கிடங்கிருக்கும் இடத்தில் படுக்கையும் அடுப்பும் அமைத்தால் வீடாகிவிடும் அன்றோ? அமெரிக்கக் கடற்படையைச் சேர்ந்த இராபர்ட் பீபி என்பார் இவ்வெண்ணத்தைக் கைக்கொண்டு, 50 அடி நீளமுள்ள 'பேசேஜ்மேக்கர்' என்னும் படகைத் தாமே வரைந்து சிங்கப்பூரில் கட்டுவித்தார். 1963-இல் அப்படகு சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டு, நம் இந்தியப் பெருங்கடலைக் கடந்து, கிரேக்க நாட்டை அடைந்தது. அதே காலத்தில் ஹாங்காங்கிலும் இச்சாயலில் படகுகள் கட்டி அமெரிக்காவுக்கு அனுப்பலாயினர். ஆயின் 'சாயல்' என்ற சொல்லை இங்கே கவனிக்க வேண்டும். விற்பனைக்கு வந்த பலவற்றில் மீன்பிடிக் கலத்தின் தோற்றம் நீருக்கு மேலேதான் இருந்தது. நீருக்குக் கீழே அவை விரைந்தோட விரும்பும் தட்டையான உடல்கள். வாங்கப் போகிறவர் மேல்தளத்து நாற்காலிகளைப் பார்ப்பதற்கு முன், படகைக் கரையேற்றச் சொல்லி, குனிந்து அடியைப் பார்த்தல் வேண்டும்.

நெய்வேலியில் நிலத்தடி நீரை இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இராவிடில் பழுப்பு நிலக்கரியைத் தோண்ட இயலாது. அவ்விறைப்புப் பணியில் தம் காலத்தைக் கழித்து ஓய்வு பெற்ற பொறியாளர் ஒருவர் என் நண்பர். அவர் ஒருநாள், "ஐயா, தண்ணீரை வெளியேற்றியே என் காலம் போயிற்று, இனித் தண்ணீரின்மேல் வாழலாமென்று பார்க்கிறேன்" என்றார். பழைய விசைப்படகு ஒன்று மலிவாகக் கிடைக்கிறதென்றும், அதன் கிடங்கைக் காலி செய்துவிட்டு மேலே இரண்டு அறையும் அதற்கு மேல் ஒரு மாடமும் கட்டினால் போதுமென்றும் சொன்னார். கடலூர் முதுநகரிலும் பரங்கிப்பேட்டையிலும் நான் ஆசிரியனாக இருந்த ஆண்டுகளில் படகு கட்டுவோரோடும் ஓட்டுவோரோடும் பழகியவன் என்பதால் என் கருத்தைக் கேட்டார். அவர் மனைவியாரும் உடன் வந்திருந்தார். கணவர் எஞ்சினைப் பற்றியே பேசினார். அம்மையாரோ மூன்றே கேள்விகள் கேட்டார். புயல் வந்தால் எங்கே போவது, குடிதண்ணீர் எத்தனை நாளைக்கு வரும், படகு கவிழுமா கவிழாதா? படகு வாங்குவோர் எல்லாரும் கேட்க வேண்டிய கேள்விகள் இவையே. கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன்.

கேரளத்தில் தானூரில் 2023-ஆம் ஆண்டு மே 7-ஆம் நாள் மாலை ஓர் உல்லாசப் படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டனர். அவர்களுள் குழந்தைகள் பலர். அது மீன்பிடிப் படகாக இருந்ததை மாற்றிக் கட்டியது என்பதும், அளவுக்கு மிஞ்சி ஆட்களை ஏற்றியிருந்தது என்பதும் அப்போது வெளிவந்த செய்தி. அதற்கு முன் 2009 செப்டம்பர் 30-இல் தேக்கடி ஏரியில் 45 உயிர்கள் போயின. அலையே இல்லாத நீரில் அப்படகு புரண்டது.

இவற்றில் உள்ள பௌதிகம் பள்ளி மாணவன் அறிந்ததே. மீன்பிடிப் படகின் கிடங்கில் டன் கணக்கில் பனிக்கட்டியும், திரும்பும்போது மீனும் இருக்கும். அப்பாரம் படகின் அடியிற் கிடந்து அதனை நிமிர்த்தி வைக்கிறது. கட்டுபவன் அதனைக் கணக்கில் வைத்தே கட்டுகிறான். கிடங்கைக் காலி செய்தால் படகு நீரிலிருந்து மேலெழும்பி நிற்கும். அதன்மேல் அறையும் மாடமும் குளிர்சாதனமும் ஏற்றினால் கனத்தின் மையம் உயரும். அடியில் இருந்த பாரத்தை எடுத்துத் தலையில் வைத்தது போலாகும். காற்றும் அந்த உயர்ந்த சுவரின்மேல் மோதும். இரண்டு கேடும் ஒருங்கே சேர்கின்றன.

இதனைக் கண்ணால் காணும் சோதனை ஒன்றுண்டு. கப்பல் கட்டுவோர் சாய்வுச் சோதனை என்பர். கையாள்வதற்கு எளியது. அமைதியான நீரில், கயிறுகள் தளர்ந்திருக்க, படகின் நடுவில் ஒரு தூக்குக்குண்டைத் தொங்கவிடுவர். தெரிந்த பாரம் ஒன்றை ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்திற்கு நகர்த்துவர். படகு எவ்வளவு சாய்கிறது என்பதைக் குண்டு காட்டும். படகின் எடை 12 டன் என்க. 200 கிலோ பாரத்தைக் குறுக்கே 3 மீட்டர் நகர்த்துகிறோம். 2 மீட்டர் நீளமுள்ள தூக்குக்குண்டு 10 சென்டிமீட்டர் விலகுகிறது. 200-ஐ 3-ஆல் பெருக்கினால் 600. 12,000-ஐ, 10 சென்டிமீட்டருக்கும் 2 மீட்டருக்கும் உள்ள விகிதமான 0.05-ஆல் பெருக்கினாலும் 600. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் 1 மீட்டர். இதுவே அப்படகின் நிலைப்பு உயரம். குண்டு 20 சென்டிமீட்டர் விலகியிருந்தால் விடை அரை மீட்டர். ஒற்றைத் தளமுள்ள மீன்பிடிக் கலங்களுக்கு இது 0.35 மீட்டருக்குக் குறையலாகாது என்பது பன்னாட்டு வரையறை. விற்பவர் இச்சோதனைக்கு இசையவில்லையானால் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை.

இதில் ஒரு விந்தை உண்டு. நிலைப்பு மிகுந்த படகு வெடுக்கென்று ஆடி வெடுக்கென்று நிமிரும். உள்ளிருப்பவருக்குத் தலை சுற்றும். நிலைப்புக் குறைந்த படகோ தொட்டில்போல் நிதானமாக ஆடும்; ஏறிப் பார்ப்பவர், "ஆகா, என்ன சுகம்!" என்பார். அந்தச் சுகத்தை ஐயத்தோடு பார்க்க வேண்டும். 4 மீட்டர் அகலமுள்ள படகு ஒரு பக்கம் சாய்ந்து, மறு பக்கம் சாய்ந்து, மீண்டும் வருவதற்கு 3 விநாடிக்குச் சற்று மிகுதியாக எடுத்துக்கொண்டால் நிலைப்பு உயரம் ஏறத்தாழ 1 மீட்டர். 4½ விநாடி ஆனால் அரை மீட்டர். 6, 7 விநாடி என்று இழுத்தால் இறங்கிக் கரைக்கு வந்துவிடுவது நலம்.

இதனோடு நீர்த்தொட்டியையும் பார்க்க வேண்டும். குடத்து நீரை எவரும் இடுப்பில் வைத்து நடந்துவிடலாம். அதே நீரை அகன்ற தாம்பாளத்தில் ஊற்றி ஏந்தி நடந்து பாருங்கள்! பாதி நிரம்பிய அகன்ற தொட்டியும் படகில் அவ்வாறே செய்யும். சாயும் பக்கமே நீரும் ஓடிச் சாய்வை மிகுவிக்கும். ஆகவே தொட்டிகள் குறுகியனவாய், அடியில், இருபுறமும் பிரிந்து, உள்ளே தடுப்புச் சுவர் உடையனவாய் இருத்தல் வேண்டும்.

எவ்வளவு நீர் என்பது அம்மையாரின் இரண்டாம் கேள்வி. ஒருவருக்கு நாளொன்றுக்கு 20 லிட்டர் என்று சிக்கனமாக வைத்துக்கொண்டாலும், இருவருக்குப் பத்து நாளைக்கு 400 லிட்டர். அதாவது 400 கிலோ. பாத்திரம் துலக்கக் கடல்நீர் ஆகும், பருப்பு வேகாது. சமையல் எரிவாயுவைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அது காற்றைவிடக் கனமானது. வீட்டில் கசிந்தால் கதவைத் திறந்து வெளியேற்றலாம். படகிலோ அது வழிந்து அடிவயிற்றில் தங்கி ஒரு பொறிக்காகக் காத்திருக்கும். உருளையைத் திறந்த தளத்திலேயே வைத்து, கசிவு வெளியே வழியுமாறு அமைத்தல் வேண்டும்.

இனி வேகம். அடி பருத்த கலம் எதுவும், எவ்வளவு பெரிய எஞ்சினைப் பூட்டினாலும், ஓர் எல்லைக்கு மேல் ஓடாது. தான் எழுப்பிய அலையே அதனைத் தடுக்கும். நீர்மட்டத்தில் படகின் நீளத்தை அடியில் அளந்து, அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால் அவ்வெல்லை கிடைக்கும். 36 அடிக்கு வர்க்கமூலம் 6. ஆகவே எல்லை வேகம் மணிக்கு 8 கடல் மைல். நண்பர் 36 அடிப் படகைத்தான் எண்ணியிருந்தார். அதனை 6 கடல் மைல் வேகத்தில் செலுத்த ஏறத்தாழ 25 குதிரைத்திறன் வேண்டுமென வைத்துக்கொள்வோம். ஒரு குதிரைத்திறனை ஒரு மணி நேரம் பெற ஏறக்குறைய ஐந்திலொரு லிட்டர் டீசல் செலவு. ஆகவே மணிக்கு 5 லிட்டர். கடலூருக்கும் நாகப்பட்டினத்திற்கும் அட்ச வேறுபாடு ஒரு பாகைக்குச் சற்றுக் குறைவு. ஒரு பாகை 60 கடல் மைல். ஆகவே தொலைவு 57 கடல் மைல் அளவில் இருக்கும். 9½ மணி நேரப் பயணம். 50 லிட்டருக்குள் போய்ச் சேரலாம். விடியலில் நங்கூரம் எடுத்தால் வெளிச்சம் இருக்கும்போதே நாகையில் போடலாம். 8 கடல் மைல் வேகத்தில் சென்றால் இரண்டரை மணி நேரம் மிச்சம். ஆனால் செலவு 80 லிட்டருக்கு மேல். ஓய்வூதியத்தில் வாழும் நமக்கு அந்த இரண்டரை மணி நேரம் எதற்கு?

எஞ்சின் ஒன்றா இரண்டா என்று பலர் வாதிடுகின்றனர். நம் கரைக்கு ஒன்றே சாலும் என்பது என் துணிபு. காரணம் வலை. இரவும் பகலும் நம் கடலில் செவுள் வலைகளும் அறுந்த கயிறுகளும் மிதக்கின்றன. நடுவில் ஒற்றை விசிறி, அதற்கு முன்னும் கீழும் ஆழ்ந்த ஏரா மரம் காவலாக அமைந்த படகில் கயிறு அடியோடு வழுக்கிப் போகும். இரட்டை எஞ்சின் படகில் இரு விசிறிகளும் இருபுறமும் வெளிப்பட்டு நின்று வலையை வாரிச் சுற்றிக்கொள்ளும். ஏழை மீனவன் வலையும் போயிற்று, நம் பயணமும் போயிற்று. கெட்டுப்போனால் எந்தத் துறையிலும் ஒரு மெக்கானிக்கு பழுது பார்க்கக்கூடிய எஞ்சினாக இருப்பது, இரண்டு அபூர்வ எஞ்சின்களை வைத்திருப்பதைவிட மேல்.

படகு நீரில் எவ்வளவு ஆழம் அமிழ்கிறது என்பது அடுத்த செய்தி. மேனாட்டு நூல்களைப் படித்துவிட்டு வாங்குவோர் இதில்தான் இடர்ப்படுவர். இங்கிலாந்தின் கரைகளில் ஓதம் பல மீட்டர் ஏறி இறங்கும். ஆழம் குறைந்த முகத்துவாரத்திலும் ஏற்றம் வரும்வரை பொறுத்து உள்ளே நுழையலாம். நம் சோழமண்டலக் கரையிலோ ஏற்றவற்றம் பெருமட்டும் 1 மீட்டர் அளவே. கடல் நமக்காக உயர்ந்து கொடாது. மேலும் தென்மேற்குப் பருவத்தில் மணல் வடக்கு நோக்கியும், வாடைக்காலத்தில் தெற்கு நோக்கியும் கரையோரமாக நகர்ந்துகொண்டே இருக்கிறது. கெடிலமும் பரவனாறும் கலக்கும் கடலூர் முகத்துவாரமாயினும், பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்று வாயாயினும், சென்ற ஆண்டு கண்ட வழி இந்த ஆண்டும் அதே இடத்தில் இருக்கும் என்று நம்புவதற்கில்லை. 4 அடிக்கு மேல் அமிழும் படகு நமக்கு ஆகாது. முதன்முறை நுழையும்போது உள்ளூர் மீனவரின் படகைப் பின்தொடர்ந்து செல்வதே வழி.

கலம் எதனால் ஆனது என்பது பற்றி நீளப் பேச வேண்டியதில்லை. மரமென்றால் நம் வெப்பக் கடலில் கப்பற்புழு துளைக்கும், இரும்பென்றால் துரு, கண்ணாடி நார் என்றால் பராமரிப்பு எளிது, ஆனால் உள்ளே நீர் ஊறியிருக்கிறதா என்று சிறு சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல இடத்தில் ஓசை கணீரென்று இருக்கும்; ஊறிய இடத்தில் மொத்தென்று கேட்கும். தமிழரின் மரவேலையைக் குறைத்துச் சொல்வதாக எவரும் எண்ண வேண்டா. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் நம்மவர் கட்டிய 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பலை, சிறு படகில் உலகைச் சுற்றி வந்த வில்லியம் ராபின்சன் என்னும் அமெரிக்கர் தேடி வாங்கினார். தமிழ் மாலுமிகள் செலுத்த, அது 1938 ஆகஸ்டில் அமெரிக்காவின் குளூஸ்டர் துறையை அடைந்தது. உலகக் கடல்களையெல்லாம் கண்டவர் அதனைத் தேர்ந்தெடுத்தார் என்பது சிறிய செய்தியன்று.

புயல் வந்தால் எங்கே போவது என்ற முதற் கேள்விக்கு விடை, புயல் வரும் மாதங்களில் கடலில் இராமையே. அக்டோபர் முதல் டிசம்பர் வரை படகு கரையேறியோ, ஆற்றின் உட்பகுதியில் நாற்புறமும் கட்டுண்டோ கிடத்தல் வேண்டும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வீசியபோது, வாரக்கணக்கில் கடலிலேயே தங்கித் தொழில் செய்யும் தூத்தூர்ப் பகுதி மீனவர் பலர் திரும்பவில்லை. அவர்களைவிடக் கடலறிந்தவர் யார்? எச்சரிக்கை அவர்களை எட்டவில்லை. 156.8 மெகாஹெர்ட்சில் உள்ள 16-ஆம் அலைவரிசையைக் கேட்கும் ரேடியோவும், மிதவை அங்கிகளும், செயற்கைக்கோள் வழியாக ஆபத்தை அறிவிக்கும் கருவியும் படகின் விலையோடு சேர்த்துக் கணக்கிட வேண்டியவை. கரையிலுள்ள உறவினர் 1554 என்னும் கடலோரக் காவற்படையின் எண்ணை எழுதி வைத்திருக்க வேண்டும். தை பிறந்து வாடை தணிந்தபின், பங்குனி வரையில் உள்ள காலமே நமக்கு உகந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. உல்லாசப் படகுக்கு அத்தடை இல்லையாயினும், மீன்பிடிப் படகுகள் யாவும் துறையில் அடைந்து கிடக்கும். அந்நாளில் விருந்தாளிக்கு ஏது இடம்?

தெற்கே செல்ல விரும்புவோர்க்கு ஒரு சொல். பாக் நீரிணை ஆழமற்றது. பாம்பனில் 1914-இல் திறந்த பழைய பாலத்திற்குப் பதிலாக, 2025 ஏப்ரல் 6-இல் திறக்கப்பெற்ற புதிய பாலத்தின் நடுப்பகுதி மேலே எழும்பி வழிவிடுகிறது. முன்கூட்டியே துறைமுக அலுவலரிடம் அனுமதி பெற்று முறை வரும்வரை காத்திருத்தல் வேண்டும். அதற்கப்பால் மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளும் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. நினைத்த இடத்தில் நங்கூரமிட்டு இறங்க இயலாது. கிழக்கே சர்வதேச எல்லை. எஞ்சின் நின்று நீரோட்டத்தில் மிதந்து அதனைத் தாண்டினாலும் தாண்டியதுதான். புறப்படும் துறையிலும் சேரும் துறையிலும் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தாருக்குத் தகவல் சொல்லிவிட்டுச் செல்வது தொல்லையாகத் தோன்றினாலும், தேடி வருபவர் அவர்களே.

நண்பர் பழைய விசைப்படகை விட்டுவிட்டார். மாடமில்லாத, ஒற்றை எஞ்சினுள்ள, வாழ்வதற்கென்றே கட்டிய படகு ஒன்றைக் கொச்சியில் பார்த்து வந்திருக்கிறார். சாய்வுச் சோதனைக்கு நாள் குறித்தாயிற்று. வாங்கினால் முதற் பயணத்தைக் கடலூரிலிருந்து பரங்கிப்பேட்டைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுமாறு சொல்லியிருக்கிறேன். 13 கடல் மைல் அளவுதான். இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மிகும். மாசி மாதத்து அமைதியான நாளொன்றில் வெள்ளாற்று வாய்க்கு வெளியே நங்கூரமிட்டு ஓர் இரவு உறங்கிப் பார்க்க வேண்டும். மறுநாட் காலையில் எந்தெந்தப் பாத்திரம் இடம் பெயர்ந்திருக்கிறது என்று அம்மையார் ஒரு தாளில் குறித்து வைப்பார்கள்.